தகுதியும் தயவும்: அரசசேவை நியமனச் சட்டத்தின் வரலாறு

வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அரசாங்க வர்த்தமானி, எமது நாட்டு இளைஞர் பலர் ஆவலோடு எதிர்பார்க்கும் ஏடாகும். அரசாங்கத் திணைக்களங்களிலுள்ள வெற்றிடங்களுக்கு விண்ணப்பங்கோரும் அறிவித்தல்கள் அதிலேயே வெளியாகின்றன. அண்மையில் எமது கல்லூரியை விட்டு நீங்கிய மாணவன் ஒருவன் அத்தகைய அறிவித்தலொன்றை என்னிடங் கொணர்ந்து, விண்ணப்பப் படிவத்தை நிரப்புதற்கு உதவி வேண்டினான். கல்வித் தகைமை, வயது, பிறப்பிடம், பரீட்சை மொழி என ஒவ்வொன்றாக நிரப்பி முடித்தோம். படிவத்தை மடித்து உறையிலிட்ட பின், "சேர், இதைப் போட்டாற் போதுமோ, ஆரையும் பிடிக்கவேணுமோ?" என அவன் வினவினான்.

அவ்வினாவுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. 'போதும்' என்று கூறின், உலகியல் அறியாதவன் என்று அவன் என்னைக் கருதியிருப்பான். 'போதாது' என்று கூறின், ஆசிரியனாயிருந்து நான் கற்பித்தவை யாவும் பொய்யாகிவிடும். ஆயின், அவ்வினாவை எழவிடாது தடுப்பதற்கென்றே உலகிற் பல சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. எமது நாட்டின் அரசியலமைப்பிலும் அத்தகைய ஏற்பாடுகள் உள. அவை எவ்வாறு தோன்றின, எங்கு தளர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு வசதியாக ஓர் அளவுகோலை முதலில் வகுத்துக்கொள்வோம். நேர்மையான நியமனத்துக்கு மூன்று காப்புகள் இன்றியமையாதன. முதலாவது, தகுதியை அளக்கும் விதி முன்கூட்டியே யாவர்க்கும் அறிவிக்கப்பட்டிருத்தல். இரண்டாவது, நியமிக்கும் அதிகாரம், நியமனத்தால் ஆதாயம் பெறக்கூடியவர் கையில் இல்லாதிருத்தல். மூன்றாவது, தமக்கு அநீதி இழைக்கப்பட்டதெனக் கருதும் விண்ணப்பகாரர் சென்று முறையிடுதற்கு ஓர் இடம் இருத்தல். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் வலுவிழக்கும் என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பழந்தமிழர் கண்ட நெறி

ஆளைத் தெரிந்து வினையில் அமர்த்தும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். இவ்விரண்டும் முடிந்த பின்னரே 53ஆம் அதிகாரமாகச் சுற்றந் தழால் வருகின்றது. உறவினரைத் தழுவுதல் அறமே. ஆயினும், ஆளை ஆராய்தலும் ஆராய்ந்தவரைத் தொழிலில் விடுதலும் அதற்கு முன் நிற்கின்றன. இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் விதிகளைக் கல்லில் வெட்டி யாவருங் காண வைத்தன. 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராதல் வேண்டும். குறித்த அளவு நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராதல் வேண்டும். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் உறவினரும் இடம்பெறலாகாது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கப்பட்டன. இது பிராமணர் வாழ்ந்த ஓர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதார்க்கு அங்கு இடமில்லை. ஆகவே, அதனைச் சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளல் பொருந்தாது. எனினும், விதியை முன்னரே வெளிப்படுத்துதல், தெரியும் கையை விருப்பு வெறுப்பின்றி வைத்தல் என்னும் இரண்டையும் அவ்வூரார் உணர்ந்திருந்தனர் என்பது மறுக்கவொண்ணாதது.

இங்கிலாந்தின் சீர்திருத்தம்

எமது இன்றைய அரசசேவை முறை சோழர் வழி வந்ததன்று. பிரித்தானியர் வழி வந்தது. ஆதலின் அங்கு நிகழ்ந்ததைச் சிறிது நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் அரசாங்க அலுவலகங்களில் உத்தியோகம் என்பது செல்வாக்குடையோர் தமக்கு வேண்டியவர்க்கு வழங்கும் கொடையாகவே இருந்தது. இக்குறையை ஆராய்ந்த சேர் ஸ்ராபோட் நோத்கோட், சேர் சாள்ஸ் திரெவிலியன் ஆகிய இருவரும் 1853ஆம் ஆண்டு நவம்பரில் தம் அறிக்கையை நிறைவுசெய்தனர். அது 1854இல் வெளியாயிற்று. யாவர்க்கும் திறந்த போட்டிப் பரீட்சையால் ஆட்சேர்த்தல் வேண்டும், அப்பரீட்சையைத் திணைக்களங்களைச் சாராத ஒரு சபை நடத்துதல் வேண்டும், பதவியுயர்வு தகுதியைப் பற்றி அமைதல் வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம்.

அறிக்கை வெளியான உடனே மாற்றம் முழுமையாக வந்துவிடவில்லை. 1855இல் ஓர் அரசாணையாற் சிவில் சேவை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆயின், செல்வாக்குடையோர் முன்மொழிந்தவரைச் சோதித்துச் சான்று வழங்குதலே அதன் தொடக்கப் பணியாயிருந்தது. 1870ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின்னரே திறந்த போட்டி பெரும்பாலான திணைக்களங்களிற் பொது விதியாயிற்று. அப்போதும் வெளிநாட்டலுவலகமும் உள்நாட்டலுவலகமும் விலக்குப் பெற்றன. இவையெல்லாம் முடியின் ஆணைகளே. பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. தகுதியின் அடிப்படையில், நேர்மையான திறந்த போட்டியாற் சிவில் சேவைக்குத் தெரிவு நிகழவேண்டும் என்னும் விதி 2010ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டமாயிற்று. அதற்கு முந்திய 140 ஆண்டுகளும் ஆணையும் வழக்கமும் அதனைக் காத்தன.

இந்தியாவிலும் இதே காலத்தில் மாற்றம் நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநர் தம் உற்றாரை உத்தியோகத்துக்கு முன்மொழியும் உரிமையை 1853ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1855இல் முதலாவது போட்டிப் பரீட்சை இலண்டனில் நடைபெற்றது. விதி யாவர்க்கும் பொதுவாயிருந்தது. பரீட்சை மண்டபமோ கடல்களுக்கு அப்பாலிருந்தது. கல்கத்தாவிலுள்ள இளைஞன் ஒருவன் தன் தகுதியைக் காட்டுமுன் கப்பற் செலவைக் காட்டவேண்டியிருந்தது. எழுத்தில் யாவர்க்கும் திறந்த கதவு நடைமுறையிற் சிலர்க்கே திறக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இலங்கையிற் குடியேற்ற ஆட்சிக் காலம்

இலங்கையின் நிர்வாகத்தை ஆராய்ந்த கோல்புறூக், ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்த சிவில் சேவையைத் தகுதியுடைய இந்நாட்டவர்க்குந் திறந்துவிடுமாறு விதந்துரைத்தார். அவரது சீர்திருத்தங்கள் 1833இல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும், திறந்த கதவால் உட்புகுந்தோர் மிகச் சிலரே. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற சைமன் காசிச்செட்டி 1845இற் சிவில் சேவையில் இடம்பெற்றார். அவரது புலமையில் ஐயமில்லை. எனினும், அக்காலத்திற் போட்டிப் பரீட்சை இல்லை. ஆட்சியாளர் தெரிந்தெடுத்தாலன்றி எத்துணைப் புலமையுடையோரும் உட்புகுதல் இயலாதிருந்தது.

முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1875இல், பொன்னம்பலம் அருணாசலம் இச்சேவையிற் புகுந்தார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அவர், திறந்த போட்டிப் பரீட்சையாற் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையராவார். காசிச்செட்டியும் அருணாசலமும் தகுதியில் ஒருவர்க்கொருவர் குறைந்தவரல்லர். முன்னவரின் நியமனம் மேலோர் நோக்கில் ஒரு தயவு. பின்னவரின் நியமனம் அவர் தம் முயற்சியாற் பெற்ற உரிமை. தயவாற் பெற்றவன் தந்தவர்க்குக் கடப்பாடுடையன். உரிமையாற் பெற்றவன் பொதுமக்களுக்கே கடப்பாடுடையன். அரசசேவை நியமனச் சட்டங்கள் யாவும் இவ்வேறுபாட்டைப் பற்றியே எழுந்தன எனலாம். அருணாசலமும் இங்கிலாந்து சென்று கற்கும் வசதி வாய்க்கப்பெற்றவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சோல்பரி அரசியலமைப்பு

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பின் கீழும் நியமன அதிகாரம் தேசாதிபதியிடமே இருந்தது. சுதந்திரம் அண்மித்தபோது ஒரு புதிய வினா எழுந்தது. ஆட்சி மக்கட் பிரதிநிதிகளின் கைக்கு மாறும்போது நியமன அதிகாரமும் அவர்கள் கைக்கே செல்லலாமா என்பதே அவ்வினா. வாக்குக் கேட்டு நிற்பவரிடம் உத்தியோகத்தை வழங்கும் அதிகாரமும் இருப்பின், உத்தியோகம் வாக்குக்கு விலையாகிவிடுமன்றோ?

இவ்வினாவுக்கு 1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பு விடை கூறியது. அதன் 58ஆம் பிரிவு, மூவரடங்கிய பகிரங்க சேவை ஆணைக்குழுவொன்றை நிறுவியது. அவருள் ஒருவரேனும் முந்திய ஐந்தாண்டுகளில் அரசாங்கப் பதவி வகியாதவராயிருத்தல் வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அங்கத்துவம் பெறலாகாது. 60ஆம் பிரிவு அரசாங்க உத்தியோகத்தரை நியமித்தல், இடமாற்றல், நீக்கல், ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தல் ஆகிய அதிகாரங்களை அவ்வாணைக்குழுவிடம் ஒப்படைத்தது. எமது அளவுகோலின்படி இரண்டாவது காப்பு அன்றுதான் இலங்கைச் சட்டத்தில் முதன்முதல் உறுதியாக இடம்பெற்றது.

மூன்றாவது காப்போ நலிந்திருந்தது. 57ஆம் பிரிவின்படி உத்தியோகத்தர் முடியின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிப்பர். எச்சமூகத்தையேனும் சமயத்தையேனும் சேர்ந்தோர்க்குப் பிறர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என 29ஆம் பிரிவு கூறியது. எனினும், அது பாராளுமன்றத்தின் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தியதேயன்றி, உத்தியோகம் மறுக்கப்பட்ட ஒருவர் நேரே சென்று தட்டுதற்குரிய கதவொன்றைக் காட்டவில்லை.

மொழியும் நியமனமும்

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. இதனால் முதலாவது காப்பே அசைந்தது. தகுதியை அளக்கும் கோல் திறமை என்பதிலிருந்து பிறப்பாலும் வளர்ப்பாலும் வாய்க்கும் மொழியை நோக்கிச் சாய்ந்தது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், தமிழ்மூலங் கற்றவர் அரசசேவைப் புகுமுகப் பரீட்சைக்குத் தமிழிலேயே தோற்றலாம் என ஏற்றுக்கொண்டது. ஆயின், அரசகரும மொழியறிவு பெற்றிருத்தல் அல்லது குறித்த காலத்துட் பெறுதல் என்னும் நிபந்தனையையும் விதித்தது. அச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் 1966ஆம் ஆண்டிலேயே நிறைவேறின.

இதற்கிடையில், முன்னரே சேவையில் இருந்தோரையும் மொழிவிதி தொட்டது. ஆங்கிலமூலம் எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்தவர் செல்லையா கோடீஸ்வரன். 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றுநிருபத்தின்படி சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாமையால், 1962இல் அவர்க்குரிய சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றஞ் சென்றார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் தம் சம்பளங் கோரி முடிமீது வழக்குத் தொடுத்தல் இயலாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசெம்பரிற் கோமறைக் கழகம், ஊழியர்க்கு வழக்குரிமை உண்டு என முடிவுசெய்து, மொழிச் சட்டம் பற்றிய வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. அவ்வினா பின்னர் விசாரிக்கப்படவேயில்லை. 1971இற் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவே இல்லாதொழிந்தது. ஒரு சிறு சம்பளவேற்றத்துக்காக எழுந்த வழக்கு ஒரு நாட்டின் அடிப்படை வினாவைத் தொட்டும், விடை பெறாது நின்றுவிட்டது.

1972ஆம் ஆண்டின் முரண்

1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு, வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய முரணொன்றை உடையது. அதன் 18ஆம் பிரிவில், தகுதியுடைய எப்பிரசையையும் அரசாங்க, உள்ளூராட்சி, கூட்டுத்தாபனச் சேவைகளின் நியமனங்களில் இனம், மதம், சாதி, பால் என்னும் காரணங்களால் வேறுபடுத்திப் பாகுபாடு காட்டலாகாது என்னும் வாசகம் இடம்பெற்றது. உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்போரையே குறித்து எழுதப்பட்ட அடிப்படை உரிமை அது. மொழியும் அரசியற் கருத்தும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

அதே அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. சுதந்திரமான பகிரங்க சேவை ஆணைக்குழு மறைந்தது. அதனிடத்தில் ஆலோசனைச் சபையொன்றும் ஒழுக்காற்றுச் சபையொன்றும் தோன்றின. அன்றியும், நியமனங்கள் பற்றிய அமைச்சரவையின் முடிவுகளை எந்நீதிமன்றமும் விசாரித்தல் இயலாது எனவும் விதிக்கப்பட்டது. ஆகவே, ஒரு பக்கத்தில் உரிமை எழுதப்பட்டது. மறுபக்கத்தில் அவ்வுரிமையைக் கோருதற்குரிய வாயில் அடைக்கப்பட்டது. முதலாவது காப்பு ஏட்டில் இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அகன்றன. பாராளுமன்ற உறுப்பினரின் கைத்துண்டு உத்தியோகத்துக்குத் திறவுகோலாயிற்று என்று முதியோர் இன்றுங் கூறும் காலம் அது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு மூன்றாவது காப்பை மீட்டுத்தந்தது. 12ஆம் உறுப்புரை, சட்டத்தின்முன் யாவருஞ் சமம் என்றதோடு, மொழி, அரசியற் கருத்து, பிறப்பிடம் என்பவற்றையும் பாகுபாடு காட்டலாகாத காரணங்களாகச் சேர்த்தது. 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு நேரே விண்ணப்பிக்க வழிசெய்தது. அரசசேவைப் புகுமுகப் பரீட்சைக்குத் தேசிய மொழிகளுள் ஒன்றிலே தோற்றும் உரிமையும் அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1991இல் முடிவான ராமுப்பிள்ளை வழக்கில், பதவியுயர்வை இன விகிதாசாரத்தாற் பங்கிடுதல் சமத்துவ உரிமைக்கு மாறானது என உயர் நீதிமன்றம் கூறியமை இவ்வழியின் பயனாகும்.

எனினும், நியமன அதிகாரம் அமைச்சரவையிடமே தங்கியது. பகிரங்க சேவை ஆணைக்குழு மீண்டும் அமைக்கப்பட்டபோதும், அமைச்சரவை கையளித்த அதிகாரத்தையே அது செலுத்தியது. தொழில் வங்கி என்னும் பெயரில், வேலை தேடுவோர்க்கான படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர் வாயிலாக வழங்கப்பட்டதும் அக்காலத்திலேயே.

இதன் விளைவு உத்தியோகம் கிடையாத சிலரின் மனக்குறையோடு நின்றுவிடவில்லை. 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையில் இளைஞர் கிளர்ச்சி மூண்டு பல்லாயிரம் உயிர்கள் மாண்டபின், அதன் காரணங்களை ஆராய்ந்த இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு 1990இல் தன் அறிக்கையை அளித்தது. அரசியற் செல்வாக்கால் உத்தியோகம் வழங்கப்பட்டமையும் அதனால் இளைஞர் மனத்தில் எழுந்த அநீதி உணர்வும் முதன்மையான காரணங்களாக அங்குக் காட்டப்பட்டன. வடக்கில் இளைஞர் மனங் கசந்ததற்கும் உத்தியோகக் கதவு அடைபட்டமை ஒரு காரணமாயிருந்ததை எம்மவர் அறிவர். வேறு வேறு மொழி பேசிய இருசார் இளைஞரும் ஒரே கதவின் முன் நின்று திரும்பினர் என்பது இந்நாட்டு வரலாற்றின் துயர்மிகு உண்மையாகும்.

ஐந்து திருத்தங்கள்

2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம் மூன்று காப்புகளையும் ஒருங்கே வைக்க முயன்றது. அரசியலமைப்புப் பேரவை என்னும் புதிய அமைப்பின் விதப்புரையின்றிப் பகிரங்க சேவை ஆணைக்குழுவின் அங்கத்தவரைச் சனாதிபதி நியமித்தல் இயலாது என்றாயிற்று. திணைக்களத் தலைவர் முதலிய உயர் பதவிகள் நீங்கலாக, ஏனைய நியமன அதிகாரம் ஒன்பதின்மர் கொண்ட அவ்வாணைக்குழுவிடம் மீண்டது. ஆணைக்குழுவின் முடிவால் மனக்குறையுற்ற உத்தியோகத்தர் செல்லுதற்கு நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை ஏற்பட்டது. 126ஆம் உறுப்புரையின் வழியும் அடைக்கப்படாது விடப்பட்டது.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம். முதற் பேரவையின் காலம் 2005இல் முடிந்தபின் அது மீண்டும் அமைக்கப்படாது விடப்பட்டது. 2010இல் 18ஆம் திருத்தம் பேரவையை நீக்கி, கருத்துக்கூற மட்டும் உரிமையுடைய பாராளுமன்றப் பேரவையை அதனிடத்தில் வைத்தது. 2015இல் 19ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது; 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் நீக்கியது; 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடியும் நிறுவியது. இவ்வாறு 21 ஆண்டுகளுள் ஐந்து திருத்தங்கள். தரப்பட்டதும் பறிக்கப்பட்டதும் ஒரே காப்பு. எமது அளவுகோலின் இரண்டாவது காப்பு அது. ஆட்சியாளர் எதனை விட்டுக்கொடுக்க மனமிலராயிருந்தனர் என்பதை இதனால் அறியலாம்.

மாகாண சேவைகளின் நிலையும் நோக்கத்தக்கது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி மாகாண அரசசேவையின் நியமன அதிகாரம் ஆளுநரிடம் உள்ளது. அவர் அதனை மாகாணப் பகிரங்க சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். அவ்வாணைக்குழுவை நியமிப்பவரும் ஆளுநரே. ஆகவே, மத்தியில் ஏற்பட்ட திருத்தங்களின் நன்மை மாகாணத்தில் விண்ணப்பிப்போர்க்கு முழுமையாக எட்டவில்லை.

விண்ணப்பகாரர் நிலை

இங்கு என் அநுபவம் ஒன்றைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். பல ஆண்டுகளுக்கு முன், வெளிவாரியாகப் பட்டம் பெற்ற புதிதில், பதவியொன்றுக்கான எழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்தி நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டேன். மண்டபத்துக்கு வெளியே வாங்கில் எனக்கருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, உமக்கு ஆர் சொல்லியிருக்கினம்?" எனப் பரிவோடு வினவினார். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். அவர் வேறொன்றுங் கூறாது என்னை இரக்கத்தோடு நோக்கினார். அப்பதவி எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு எத்தனை புள்ளி இடப்பட்டது, தெரிவானவர்க்கு எத்தனை இடப்பட்டது என வினவி எழுதிய கடிதத்துக்கு விடை வரவில்லை. தெரிவானவர் என்னிலும் தகுதியுடையவராயிருந்திருக்கலாம். அங்ஙனமாயின் அதனை அறிந்து அமைதியடையும் வாய்ப்பும் எனக்கு மறுக்கப்பட்டது. தோற்றவன் தன் தோல்வியின் காரணத்தை அறியாதபோது, நேர்மையான தெரிவும் அவன் கண்ணுக்கு அநீதியாகவே தோன்றும். ஆகையால், மூன்றாவது காப்பு தோற்றவனுக்கு மட்டுமன்றி வென்றவனுக்கும் உரியது. அவன் பெற்ற பதவியின் மதிப்பைக் காப்பதும் அதுவே.

அக்காலத்தில் இல்லாத ஒரு கருவி இன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாங்க அலுவலகங்களிடமிருந்து தகவல் கோரும் உரிமையைப் பிரசைக்கு வழங்கியுள்ளது. அச்சட்டத்துக்கு விலக்குகளும் உள. ஆயினும், கடிதத்தை எழுதி விடைக்கு ஏங்கியிருந்த நிலை மாறி, மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் நிலை வந்துள்ளது. 126ஆம் உறுப்புரையின் கீழான வழக்குக்கு ஒரு மாதமே தவணை என்பதையும், கொழும்புக்குச் செல்லுஞ் செலவும் சட்டத்தரணிக்குரிய செலவும் ஏழை விண்ணப்பகாரர்க்கு இலேசானவை அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இலண்டனிலிருந்த பரீட்சை மண்டபம் எமது ஊருக்கு வந்துவிட்டது. நீதிமன்றமோ பலர்க்கு இன்னுந் தொலைவிலேயே உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நேர்மையான நியமனத்துக்குரிய சட்டம் எமது நாட்டில் இல்லாமற் போகவில்லை என்பதும், மூன்று காப்புகளும் ஒருங்கே நீடித்து நிற்கும் காலமே அரிதாயிற்று என்பதும் பெறப்படும். 1946இல் இரண்டாவது இருந்தது, மூன்றாவது நலிந்திருந்தது. 1972இல் இரண்டும் போயின. 1978இல் மூன்றாவது வந்தது. 2001இல் மூன்றும் கூடின; பின்னர் கூடியும் பிரிந்தும் வந்து, 2022இல் மீண்டுங் கூடியுள்ளன. இக்கூட்டு நிலைக்குமா என்பது சட்டத்தின் சொற்களால் மட்டும் முடிவாவதன்று. சட்டம் காக்கும் நெறியை மக்கள் தமதெனக் கொள்ளாத இடத்தில், அடுத்த திருத்தம் அதனை எளிதில் எடுத்துச் செல்லும்.

அம்மாணவனின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். எமது அரசியலமைப்பின் 61இ உறுப்புரையின்படி, பகிரங்க சேவை ஆணைக்குழுவின் முடிவை அல்லது அதன் அதிகாரத்தைச் செலுத்தும் உத்தியோகத்தரின் முடிவை, தாமாகவோ பிறர் வாயிலாகவோ முறையற்ற வகையிற் செல்வாக்குக்குட்படுத்த முயல்வதும் தண்டனைக்குரிய குற்றமாகும். 'ஆரையும் பிடித்தல்' என நாம் வீட்டிலும் வீதியிலும் கூச்சமின்றிப் பேசுவது சட்டத்தின் கண்ணிற் குற்றமாகவே உள்ளது. அவ்வாறிருந்தும் அவ்வினா ஒரு நல்ல மாணவனின் வாயிலிருந்து இயல்பாக எழுந்ததெனின், பழி அவனதன்று. அவனுக்கு அவ்வாறு கேட்கப் பழக்கிய எம்மதே. மகனுக்காக ஒருவரை நாடிச் செல்லுந் தந்தையும், மருமகனுக்காக ஒரு சொற் சொல்லும் உத்தியோகத்தரும், பழைய மாணவர் என்னும் உரிமையில் உதவி கேட்கும் நாமும், அறியாமலே வேறொருவர் பிள்ளையின் இடத்தைக் கேட்கின்றோம்.

அடுத்த நாள் அவனை அழைத்து இதனை விளக்கினேன். விதியை முற்றாகப் படிக்குமாறும், அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுமாறும், பதிவுத் தபாற் பற்றுச்சீட்டைப் பேணுமாறும், முடிவு பாதகமாயின் காரணத்தை எழுத்திற் கேட்குமாறும் கூறினேன். "பிடிக்கிறதெண்டால் அந்த வர்த்தமானியைப் பிடி" என்றேன். அவன் சிரித்தான். அவன் தோற்றவிருக்கும் பரீட்சையின் முடிவை நான் அறியேன். ஆயினும், அப்பரீட்சைக்கு அவன் இரவில் விழித்திருந்து படிப்பதை அவன் தாயார் கூறக் கேட்டேன்.